விண்கல்லில் உயிரைக் கண்டுபிடிக்கும் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தமிழ்ச் செய்திகளின் தலைப்பைத் தீர்மானிக்கிற ஆசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். காலையில் நீங்கள் போடுகிற தலைப்பு பத்து மணிக்குள் என் வகுப்பறைக்கு வந்துவிடும். "சார், விண்கல்லில் உயிர் இருக்காமே?" என்று ஒரு பையன் எழுந்து நிற்பான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். உயிர் இல்லை என்றால் இதில் என்ன பெரிய சேதி என்று அவன் அடுத்துக் கேட்பானே, அதற்குப் பதில் சொல்ல ஒரு பாடவேளை முழுதும் வேண்டும். அதில் பாதியை நீங்கள் மிச்சப்படுத்தித் தர முடியும். அதற்காகத்தான் இந்த மடல்.

2025 ஜனவரி இறுதியில் பென்னு சிறுகோளின் மண்ணைப் பற்றிய ஆய்வு முடிவுகள் வெளியாயின. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறக்கிய பெட்டிக்குள் இருந்தது 121.6 கிராம். நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14, டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் சேர்த்து இருக்கிற ஐந்து நியூக்ளியோபேஸ்களும் அந்த மண்ணில் கிடைத்தன. உயிர் விண்ணிலிருந்து வந்தது உறுதியாகிவிட்டது என்கிற ரீதியில் தலைப்புகள் வந்தன. சில இடங்களில் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது, சில இடங்களில் அதுவும் இல்லை.

ஆய்வாளர்கள் சொன்னது வேறு. உயிர் என்று எதுவுமே இல்லாத இடத்தில், வெறும் வேதியியல் மட்டுமே இந்த மூலக்கூறுகளைச் செய்து வைத்திருக்கிறது என்றார்கள். அது உயிரின் வேலை இல்லை என்பது எப்படித் தெரியும், உயிர் செய்யவில்லை என்றால் எங்கே, எப்படி உருவானது என்ற கேள்விகளுக்குள்தான் விஷயமே இருக்கிறது. நம் செய்திகளில் இந்த இரண்டும் வருவதில்லை.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட கல் ஒன்று உண்டு. 1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூரைச் சுற்றிக் கருங்கற்கள் விழுந்தன. ஒரு துண்டு கூரையைப் பொத்துக்கொண்டு வைக்கோலில் போய் இறங்கியது. பொறுக்கியவை எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்கு மேல். கல்லை எடுத்தவர்கள் மெத்திலேட்டட் ஸ்பிரிட் மாதிரி வாடை அடித்தது என்றார்கள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அப்போலோ 11 நிலவுக்கற்களோடு திரும்பியிருந்தது. அவற்றைச் சோதிக்க நாசாவின் ஏம்ஸ் மையத்தில் தூசு தும்பு இல்லாத ஆய்வகம் தயாராக இருந்த நேரம். நிலவு ஏமாற்றியது, மர்ச்சிசன் ஏமாற்றவில்லை. 1970 டிசம்பரில் நேச்சர் இதழில் முடிவு வந்தது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர், அந்த ஆய்வுப் பிரிவின் தலைவர், சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு அப்புறம் வேதியியலுக்குப் போனவர். அமெரிக்காவில் யாராவது ஒரு பரிசு வாங்கினால் அவருடைய தாத்தா ஊர் எது என்று தேடிப் போடுகிற நீங்கள், இவரை எப்படி விட்டீர்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது தங்கள் கைகளைத்தான். மனித விரல் எதைத் தொட்டாலும் அமினோ அமிலம் ஒட்டிக்கொள்ளும். வியர்வையில் இருக்கிறது, அதிலும் செரீன் நிறைய. ஆகவே கல்லில் அமினோ அமிலம் இருந்தது என்பது மட்டும் ஒரு கண்டுபிடிப்பே இல்லை. கடைத்தெருவில் கிடக்கும் கல்லிலும்தான் இருக்கும். இன்றைக்கும் இந்தச் சோதனை ஏறக்குறைய ஒரே முறையில்தான் நடக்கிறது. கல்லைப் பொடித்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீரோடு போட்டு, வாயை உருக்கி மூடி, 100 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். இறங்கிய சாற்றை அமிலத்தில் சூடாக்கிப் பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். கூடவே, 500 டிகிரியில் சுட்டு எல்லாக் கரிமப் பொருளையும் எரித்துவிட்ட வெறும் தாதுப்பொடி ஒன்றையும் அதே பாத்திரம், அதே தண்ணீர், அதே அமிலம் என்று எல்லாப் படிகளிலும் கொண்டுபோவார்கள். அந்தப் பொடியில் எது தெரிகிறதோ அது ஆய்வகத்தின் அழுக்கு. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பேச்சு.

மர்ச்சிசனில் மிஞ்சியது மூன்று வகையில் விசித்திரமாக இருந்தது. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றதாகத் தெரியும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. நம் புரதங்கள் இடக்கை வடிவத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். விரல் அழுக்காக இருந்தால் இடக்கைதான் மிகுந்திருக்க வேண்டும். கல்லில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. அடுத்தது, கிளைசின், அலனின், வாலின், புரோலின், குளுட்டாமிக் அமிலம் என்று தெரிந்த பெயர்களோடு 2-மெத்தில் அலனின், சார்க்கோசின் என்று புரதங்களில் சேராத இரண்டும் இருந்தன. விரல் அழுக்கு என்றால் முதலில் வரவேண்டிய செரீன் அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாவது வருடங்கள் போகப்போகத்தான் துலங்கியது. மர்ச்சிசனில் இப்போது 80-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. நான்கு, ஐந்து கார்பன் அணுக்களை வைத்து எத்தனை விதமாக ஓர் அமினோ அமிலத்தை வரைய முடியுமோ, ஏறக்குறைய அத்தனையும் உள்ளே இருக்கின்றன. கார்பன் எண்ணிக்கை கூடக்கூட அளவு படிப்படியாகக் குறைகிறது. உயிர் அப்படிச் செய்யாது. தனக்கு வேண்டியதை மட்டும், வேண்டிய அளவில் செய்யும். உங்களில் மூத்தவர்களுக்கு அச்சுக்கோப்புக் காலம் ஞாபகம் இருக்கும். கோத்து முடித்த ஒரு வரிக்கும், எழுத்துப் பெட்டி கவிழ்ந்து தரையெல்லாம் சிதறிக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. மர்ச்சிசனில் இருப்பது கவிழ்ந்த பெட்டி. அதில் 'உ', 'யி', 'ர்' மூன்றும் கிடக்கிறது என்பதற்காக யாரோ அந்தச் சொல்லைக் கோத்துவைத்தார்கள் என்று எழுதலாமா?

சரி, எங்கே உருவானது? இங்கேதான் எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துப்பு ஹைட்ரஜனில் இருக்கிறது. கடல் நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்று டியூட்டீரியம் எனும் கனமான வகை. மர்ச்சிசனின் சில அமினோ அமிலங்களில் டியூட்டீரியத்தின் பங்கு இதைப்போல மும்மடங்குக்கும் மேல். பூமியில் எந்தச் செடியும் பூச்சியும் நுண்ணுயிரும் இப்படி ஒரு விகிதத்தில் அமினோ அமிலம் செய்ய வழியில்லை. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் வாயு மேகங்களில் வெப்பநிலை −260 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். அந்தக் குளிரில் வினைகள் நடக்கும்போது கனமான ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் மாட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. ஆகவே இந்த மூலக்கூறுகளின் மூலப்பொருளாவது சூரியன் பிறப்பதற்கு முன்பே, அப்படிப்பட்ட மேகத்தில் உருவாகியிருக்க வேண்டும்.

அந்த மேகத்தில் மணலைவிட மிக நுண்ணிய தூசுகள், ஒவ்வொன்றின்மீதும் மெல்லிய பனிப்படலம். தண்ணீர், மெத்தனால், அம்மோனியா எல்லாம் உறைந்து ஒட்டியிருக்கும். பக்கத்து விண்மீன்களின் புறஊதாக் கதிர் அதில் விழுந்தபடி இருக்கும். 2002-ல் கலிபோர்னியாவின் ஏம்ஸ் மையத்திலும் ஐரோப்பாவில் லெய்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்து பார்த்தன. வெற்றிடப் பெட்டிக்குள் அதே மாதிரிப் பனியை உறையவைத்து, புறஊதா ஒளியைப் பாய்ச்சி, பிறகு சூடாக்கி, எஞ்சிய படிவைச் சோதித்தார்கள். லெய்டன் குழுவுக்கு மட்டும் 16 அமினோ அமிலங்கள் கிடைத்தன. உயிர் எதுவும் பக்கத்தில் இல்லை.

ஆனால் கதை மேகத்தோடு முடிவதில்லை. சூரியன் உருவான புதிதில், பனியும் தூசும் திரண்டு சிறுகோள்கள் ஆயின. அவற்றுக்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்க வகை சிக்கியிருந்தது. அதன் அரை ஆயுள் 7 லட்சம் ஆண்டுகள்தான் என்பதால் சீக்கிரம் சிதைந்து, உள்ளே சூட்டைக் கிளப்பியது. பனி உருகியது. கல்லின் இண்டு இடுக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கசிந்தது, தாதுக்கள் களிமண்ணாக மாறின. மேகத்திலிருந்து வந்த ஆல்டிஹைடும் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சயனைடும் அந்தத் தண்ணீரில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அடோல்ஃப் ஸ்ட்ரெக்கர் 1850-லேயே ஜெர்மனியில் தன் ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டார். அமினோ அமிலம்தான். கல்லூரியில் ஸ்ட்ரெக்கர் தொகுப்பு என்று நாங்கள் மனப்பாடம் செய்த அதே வினை 456 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் நடந்திருக்கிறது. இதைவிடப் பெரிய தலைப்பு உங்களுக்கு என்ன வேண்டும்?

இந்த இரண்டாம் கட்டத்துக்கு நல்ல சாட்சி கனடாவில் விழுந்தது. 2000 ஜனவரி 18 அன்று உறைந்து கிடந்த டாகிஷ் ஏரியின் மேல் விழுந்த துண்டுகளை உள்ளூர்க்காரர் ஒருவர் வெறுங்கையால் தொடாமல் சுத்தமான பிளாஸ்டிக் பைகளில் எடுத்து, உருகவிடாமல் குளிரிலேயே வைத்திருந்தார். ஒரே கல்லின் வெவ்வேறு துண்டுகளைப் பின்னாளில் ஒப்பிட்டபோது, தண்ணீர் எவ்வளவு வேலை செய்திருக்கிறதோ அதற்கேற்பக் கரிமப் பொருளின் கலவையும் மாறியிருந்தது. ஆக, மூலப்பொருள் மேகத்தில், சமையல் சிறுகோளில். எது எவ்வளவு என்பதில்தான் இன்னும் வாக்குவாதம். பென்னுவிலும் உப்புநீர் வற்றிப் படிந்த தாதுக்கள் கிடைத்திருப்பதால் சிறுகோள் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அமினோ அமிலம் என்றதும் கல் முழுக்க அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். மர்ச்சிசனின் எடையில் கார்பன் சுமார் 2 சதவீதம். அதில் பெரும்பங்கு எந்தக் கரைப்பானிலும் கரையாத, தார் மாதிரியான ஒரு சிக்கல். அமினோ அமிலங்கள் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மட்டுமே. யாரும் செய்தியாக்காத அந்தக் கரையாத சிக்கல்தான் கல்லில் உள்ள கார்பனின் பெரிய கதை. அதே கல்லில் சூரியனைவிட வயதான சிலிக்கன் கார்பைடு துகள்களும் உண்டு. 2020-ல் அளந்தபோது சிலவற்றுக்கு 700 கோடி ஆண்டு வந்தது.

இதில் இன்னும் அவிழாத முடிச்சு அந்தக் கை விவகாரம். மர்ச்சிசனில் பெரும்பாலானவை சரிபாதி என்றேன். ஐசோவாலின் போன்ற சிலவற்றில் மட்டும் இடக்கை வடிவம் தெளிவாகக் கூடுதல். 1997-ல் ஜான் க்ரோனினும் சாண்ட்ரா பிட்சரெல்லோவும் இதைக் காட்டினார்கள், பின்னர் சில ஆய்வுகளில் 18 சதவீதம் வரை போயிற்று. பூமியின் உயிர்களில் ஐசோவாலின் மிக அரிது, சில பூஞ்சைகள் செய்வதோடு சரி. அதனால் அழுக்கு என்று தள்ளவும் முடியவில்லை. நம் உடல் இடக்கையைத் தேர்ந்தெடுத்ததற்கு விண்ணிலேயே ஒரு சாய்வு இருந்ததோ என்று பலர் நம்பினார்கள். பென்னு வந்தது, அங்கே இரண்டும் சமம். கருதுகோள் ஆட்டம் கண்டிருக்கிறது. உயிர் விண்ணிலிருந்து வந்தது உறுதி என்று நீங்கள் எழுதிய அதே முடிவுகளுக்குள்தான் இந்தச் சறுக்கலும் இருந்தது.

அவசரப்பட்டவர்கள் நீங்கள் மட்டும் இல்லை, பெரிய பெரிய ஆட்களும் உண்டு. 1834-ல் ஸ்வீடன் வேதியியலர் பெர்சீலியஸ் பிரான்சின் அலே விண்கல்லில் கார்பன் சேர்மங்களைப் பார்த்தார். இதை வைத்து அங்கே உயிர் இருந்தது என்று சொல்ல முடியாது என நிதானமாக முடித்துக்கொண்டார். ஆனால் 1828-ல் உயிரின் உதவி இல்லாமல் யூரியாவைச் செய்து காட்டிய அதே ஜெர்மன் வேதியியலர் வோலர், 1850-களின் இறுதியில் ஹங்கேரியில் விழுந்த கபா விண்கல்லில் கரிமப் பொருளைக் கண்டதும் அது உயிரிலிருந்துதான் வந்திருக்க முடியும் என்றார்! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

1864 மே 14 அன்று பிரான்சில் விழுந்த ஓர்கேய் விண்கல் இன்னும் சுவாரசியம். 1961-ல் அதில் புதைபடிவ நுண்ணுயிர் போன்ற உருவங்கள் இருப்பதாக ஒரு குழு அறிவித்தது. அவற்றில் ஒன்று ராக்வீட் செடியின் மகரந்தம் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பரபரப்பில் மோந்தோபான் அருங்காட்சியகத்தில் விழுந்த நாள் முதல் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருந்த துண்டுகளைத் திறந்தார்கள். ஒன்றுக்குள் கோரையைப் போன்ற ஒரு சதுப்புநிலச் செடியின் விதைகள், நிலக்கரித் துண்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கப் பசை. கல் விழுந்த காலத்திலேயே எவரோ குறும்பாகத் திணித்து வைத்திருக்கிறார். கல் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் லூயி பாஸ்டர் பாரிசில் உயிர் தானாகத் தோன்றாது என்று புகழ்பெற்ற உரை ஆற்றியிருந்தார், அவரை மாட்டிவிடச் செய்த வேலையாக இருக்கலாம் என்பது ஊகம். பாவம், அந்த ஆள் வாழ்ந்த காலத்தில் யாரும் ஜாடியைத் திறக்கவே இல்லை.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2020 டிசம்பரில் ரியுகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்தது. அதில் ஒரு துகளை ஆய்வுக்காக வெளியே எடுத்துத் தயார்செய்த பிறகு அதன்மேல் நுண்ணுயிர் இழைகள் வளர்ந்திருந்ததை 2024-ல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம்முடைய நுண்ணுயிர்தான், விண்ணிலிருந்து வந்த சாப்பாட்டைக் கண்டதும் குடியேறிவிட்டது. இழைகளின் எண்ணிக்கை கூடிக் குறைந்த விதம் பூமியின் நுண்ணுயிர் வளர்வதைப் போலவே இருந்ததை வைத்து, அது இங்கே தொற்றியது என்று காட்டினார்கள்.

நம் பக்கத்துக் கதைகள் உங்களுக்கே தெரியும். 2001-ல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்தது. அது ட்ரென்டெபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று அந்த ஆண்டே ஆய்வறிக்கை வந்துவிட்டது. வேற்றுலக உயிரணுக்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. 2012 டிசம்பரில் இலங்கையின் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொன்ன கற்களில் டயட்டம் பாசி இருக்கிறது என்று சந்திர விக்ரமசிங்க குழு அறிவித்தது. அது நன்னீர்ப் பாசி, கல்லும் விண்கல்லாகத் தெரியவில்லை என்று துறையினர் மறுத்தார்கள். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, விண்கல் என்று அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். முதல் செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது, மறுப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்று உங்கள் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள்.

நான் கேட்பது அதிகம் இல்லை. இப்படி ஒரு செய்தி வரும்போது, இது பூமியின் அழுக்கு இல்லை என்று எப்படி உறுதி செய்தார்கள் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஏஜென்சி செய்தியில் அது இல்லையென்றால் ஆய்வுச் சுருக்கத்தில் கட்டாயம் இருக்கும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் விண்கல் ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எரிந்துகொண்டே வரும் பாறைக்குள் டிஎன்ஏ சுருள் மின்னுகிற அந்தப் படத்தைத் தயவுசெய்து ஓய்வெடுக்க விடுங்கள். தலைப்புக்கு இடம் குறைவு என்றால், "உயிர் இல்லாமலே உருவான அமினோ அமிலங்கள்: பென்னு மண்ணில் 14" என்று போடலாம். நான்கு பத்திச் செய்திக்கு இது தாங்கும்.

இன்னொன்று, இது உங்களால் மட்டுமே ஆகக்கூடிய காரியம். மர்ச்சிசன் வகைக் கல் நம் நாட்டிலும் விழுந்திருக்கிறது. 2017 ஜூன் 6 அதிகாலை ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்தது அந்த வகைதான். நாளை தருமபுரியிலோ சிவகங்கையிலோ விழலாம். இந்தக் கற்கள் களிமண் மாதிரி, ஒரு மழை போதும் உள்ளே ஊறிக் கெட்டுப்போக. 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் மேல் ஒரு தீக்கோளம் போனது. கேமராக்களை வைத்துப் பாதையைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், உங்கள் வாசலில் கருப்பாக ஏதாவது கிடக்கிறதா பாருங்கள் என்று செய்தி ஊடகங்கள் வழியாகக் கேட்டார்கள். விஞ்ச்கோம் ஊரில் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் கரித்தூள் மாதிரி சிதறிக் கிடந்ததை அந்தக் குடும்பமே சுமார் 12 மணி நேரத்துக்குள், மழை வருமுன் அள்ளி வைத்துவிட்டது. உலகின் மிகச் சுத்தமான விண்கற்களில் ஒன்றாக அது இன்று ஆராயப்படுகிறது.

அப்படி ஒரு நாள் இங்கே வந்தால், கூட்டம் கூடிக் கல்லை ஆளுக்கு ஒரு துண்டாக உடைத்து, குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற படத்தை முதல் பக்கத்தில் போடுமுன், ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: வெறுங்கையால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி ஈரம் படாமல் வையுங்கள், கிடந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தாசில்தாரிடமோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடமோ சொல்லுங்கள், சென்னையிலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. வாசகங்களை இப்போதே தட்டச்சு செய்து கணினியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்